செயற்கைக்கோள் படத்தில் வேரியோகிராம் ரேஞ்ச்: எப்படிக் கணக்கிடுவது, எப்படிப் பொருள் கொள்வது

தூரம் கூடக்கூடப் பிக்சல்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வளைவு வேரியோகிராம். அது ஏறி முடித்துத் தட்டையாகும் தூரம் ரேஞ்ச். முதன்முதலாக ஒரு சென்டினல்-2 (ஐரோப்பியச் செயற்கைக்கோள்) படத்துக்கு வேரியோகிராம் போட்டபோது எனக்குக் கிடைத்த ரேஞ்ச் 0.0009. காவிரி டெல்டாவில் ஒரு பகுதி, பிப்ரவரி மாதப் படம். இவ்வளவு சின்ன எண் வருகிறதே, படம் முழுக்க இரைச்சல் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, ஒரு வாரம் வேறு வேறு தேதிப் படங்களாக இறக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே மாதிரிதான் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த எண் டிகிரியில் இருந்தது. மீட்டரில் பார்த்தால் சுமார் 100. அதோடும் முடியவில்லை. நான் பொருத்தியிருந்தது எக்ஸ்பொனென்ஷியல் மாடல் (கணக்கிட்ட புள்ளிகளின் மேல் பொருத்தும் சூத்திர வளைவுகளில் ஒரு வகை) என்பதால், வளைவு தட்டையாவது 300 மீட்டர் பக்கத்தில். ஒரே வளைவை மூன்று விதமாகப் படித்திருக்கிறேன், அதில் இரண்டு தவறு.

தொலையுணர்வில் புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் அந்த ஒரு வாரத்தை இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். வேரியோகிராமை மென்பொருள் ஒரு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடும். வந்த ரேஞ்ச் எதைக் குறிக்கிறது என்று சொல்வதுதான் கடினம். பாடப்புத்தகங்களில் வீச்சு என்ற சொல் உண்டு. ஆனால் புள்ளியியலில் அதே சொல் பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தையும் குறிக்கும். குழப்பம் வேண்டாம் என்று இங்கே ரேஞ்ச் என்றே எழுதுகிறேன்.

1. முதலில் ஆறு பிக்சலில் கையால் போட்டுப் பாருங்கள்

ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: 4, 4, 4, 7, 7, 7. மூன்று பிக்சல் அகலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பிக்சல் தள்ளி இருக்கும் ஜோடிகள் ஐந்து (இப்படித் தள்ளும் தூரத்துக்கு லேக் என்று பெயர்). அவற்றின் வித்தியாசங்கள் 0, 0, 3, 0, 0. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9. அதை ஜோடிகளின் எண்ணிக்கையாலும் பிறகு இரண்டாலும் வகுத்தால் 0.9. இரண்டு பிக்சல் தள்ளி நான்கு ஜோடிகள்: 0, 3, 3, 0. விடை 2.25. மூன்று பிக்சல் தள்ளி மூன்று ஜோடிகள், மூன்றிலும் வித்தியாசம் 3. விடை 4.5. நான்கு தள்ளினாலும் 4.5, ஐந்து தள்ளினாலும் 4.5.

இதுதான் வேரியோகிராம். ஏறி வந்த எண் 4.5-இல் நின்றுவிட்டது. அந்த உயரம் சில். அது எட்டப்பட்ட தூரம், அதாவது 3 பிக்சல், ரேஞ்ச். வளைவைப் பூஜ்யத் தூரம்வரை பின்னோக்கி நீட்டினால் எந்த உயரத்தில் வெட்டுகிறதோ அது நக்கெட். சென்சாரின் இரைச்சலும், பிக்சலைவிடச் சிறிய விஷயங்களால் வரும் மாறுபாடும் அதில் சேர்ந்திருக்கும். ரேஞ்சுக்குள் இருக்கும் இரண்டு பிக்சல்கள் ஒன்றைப் பற்றி ஒன்று ஏதோ சொல்லும். அதைத் தாண்டினால் சொல்லாது. இந்தச் சின்னக் கணக்கைக் கையால் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் இதன் மேல் கட்டுவதுதான்.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. சென்டினல்-2 படங்கள் கோப்பர்னிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்திலும், லேண்ட்சாட் படங்கள் யுஎஸ்ஜிஎஸ் எர்த்எக்ஸ்ப்ளோரரிலும் இலவசம். பதிவு செய்ய மின்னஞ்சல் போதும். ஆர், பைத்தான், கியூஜிஐஎஸ் மூன்றும் இலவசம். எட்டு ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி தாராளம். சென்டினல்-2 டைல் (படத்தைப் பிரித்துத் தரும் சதுரத் துண்டு) ஒன்று 110 கிலோமீட்டருக்கு 110 கிலோமீட்டர், கோப்பு ஒரு ஜிபிக்கு அருகில் வரும். கைப்பேசி டேட்டாவில் இறக்குவதாக இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

தனியார் நிறுவனங்களின் அரை மீட்டர் படங்களைக் காசு கொடுத்து வாங்கும் எண்ணம் இருந்தால் 9-ஆம் படியைப் படிக்கும்வரை பொறுங்கள். அந்தப் படம் உங்கள் கேள்விக்குத் தேவையா என்று இலவசப் படத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை முதல் முறை ஒரு வாரம் ஒதுக்குங்கள். கணக்கீடு அரை நாள்தான். மீதி நாட்கள் சரிபார்க்க.

இறக்கும் அன்றே ஒரு குறிப்புக் கோப்பு தொடங்குங்கள். படத்தின் முழுப்பெயர், தேதி, டைல் எண், லெவல்-1சியா (வளிமண்டலத் திருத்தம் செய்யாதது) லெவல்-2ஏவா (செய்தது), எந்தப் பேண்ட் (ஒளியின் எந்த அலைநீளப் பகுதி), பிக்சல் அளவு, ப்ரொஜெக்‌ஷன் எண், மென்பொருளும் அதன் பதிப்பும். ஆறு மாதம் கழித்து வழிகாட்டிப் பேராசிரியர் கேட்பது இதைத்தான்.

3. தூரம் மீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள்

நான் விழுந்த குழி இது. கூகுள் எர்த் எஞ்சினில் பல நாள் படங்களைச் சேர்த்து மீடியன் கலவை செய்து, ப்ரொஜெக்‌ஷன் சொல்லாமல் ஏற்றுமதி செய்தால் படம் டிகிரியில் வரும். அந்த ஆயங்களை வெறும் எண்களாகக் கொடுத்தால் ரேஞ்சும் டிகிரியில்தான் வரும். ஆர் மொழியின் ஜிஸ்டாட் பொதியில், ஆயங்கள் டிகிரி என்று முறையாகச் சொல்லியிருந்தால் அது கிலோமீட்டரில் தரும். படத்தை வெறும் அணியாகப் பைத்தானுக்குள் எடுத்தால் பிக்சலில் வரும். ஆக, 100 மீட்டர் என்பது ஓரிடத்தில் 0.0009, இன்னோரிடத்தில் 0.1, மற்றோரிடத்தில் 10.

டைலை நேரடியாக இறக்கினால் அது யுடிஎம்மிலேயே (மீட்டரில் அளக்கும் வரைபட முறை) வரும், மாற்ற வேண்டியதில்லை. 78 டிகிரிக்குக் கிழக்கே உள்ள சென்னை, மதுரை, தஞ்சாவூர், இலங்கை முழுவதும் 44 வடக்கு மண்டலம், அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32644. கோயம்புத்தூர் 43-இல் வரும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நியரஸ்ட் நெய்பர் முறையில் மாற்றுங்கள். பைலீனியர், கியூபிக் இரண்டும் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்துவிடும். நக்கெட் குறையும், ரேஞ்ச் நீளும்.

இன்னொன்று. சென்டினல்-2-இல் நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு (பேண்ட் 8) மட்டுமே 10 மீட்டர். பேண்ட் 11, 12 போன்றவை 20 மீட்டர். அவற்றை 10 மீட்டருக்கு வெட்டிக்கொண்டு வேரியோகிராம் போட்டால் முதல் லேகில் பாதி ஜோடிகள் ஒரே பிக்சலின் இரண்டு துண்டுகளாக இருக்கும். வளைவின் தொடக்கமே பொய்யாகிவிடும். 20 மீட்டர் பேண்டுக்கு 20 மீட்டரிலேயே போடுங்கள்.

4. மேகமும் அந்த 1000-உம்

லெவல்-2ஏ கோப்போடு வரும் எஸ்சிஎல் அடுக்கு, ஒவ்வொரு பிக்சலும் என்ன வகை என்று ஓர் எண்ணால் சொல்லும். அதில் 3 மேக நிழல், 8-உம் 9-உம் மேகம், 10 மெல்லிய சிரஸ். இந்த நான்கையும் நீக்கிவிடுங்கள். மேகம் ஒரு மூலையில் மட்டும்தானே என்று விட்டால், அதன் வெளிச்சம் மொத்தச் சில்லையும் தூக்கிவிடும். நீங்கள் அளப்பது மேகத்தின் அகலமாகிவிடும்.

அடுத்தது பலரும் தவறவிடுவது. 2022 ஜனவரி 25 முதல் வரும் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு எண்ணிலும் 1000 கூடுதலாக இருக்கும். பிரதிபலிப்பைப் பெற 1000-ஐக் கழித்துவிட்டு 10,000-ஆல் வகுக்க வேண்டும். ஒரே பேண்டின் வேரியோகிராமுக்கு இதனால் பாதிப்பில்லை, வித்தியாசம் எடுக்கும்போது 1000 அடிபட்டுப் போகும். என்டிவிஐ (அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் பசுமைக் குறியீடு) ஒரு விகிதம் என்பதால் அங்கே பாதிக்கும். கோப்பில் சிவப்பு 1500, அகச்சிவப்பு 4500 என்று இருந்தால் சரியான என்டிவிஐ 0.75. கழிக்காமல் போட்டால் 0.5. எர்த் எஞ்சினில் ஹார்மனைஸ்டு என்ற பெயருள்ள தொகுப்பை எடுத்தால் இது ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கும்.

முடிந்தவரை ஒரே நாள் படத்தையே எடுங்கள். கலவைப் படத்தில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வெவ்வேறு தேதியைச் சேர்ந்தவையாக இருக்கலாம். டெல்டா போன்ற இடத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரிக்கு மேல் தேடினால் தெளிந்த வானம் கிடைக்கும்.

5. விடை தெரிந்த படத்தில் சோதியுங்கள்

தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். 400-க்கு 400 பிக்சலில் ஒரு வெற்றுப் படம் எடுங்கள். அதை 20-க்கு 20 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏதோ ஒரு தற்செயல் எண் கொடுங்கள். பைத்தானில் நான்கைந்து வரிதான்.

இதற்கு வேரியோகிராம் போட எளிய வழி, படத்தையே ஒரு பிக்சல் கிழக்கே நகர்த்தி, பழைய படத்திலிருந்து கழித்து, வர்க்கப்படுத்தி, சராசரியில் பாதி எடுப்பது. பிறகு இரண்டு பிக்சல், மூன்று பிக்சல் என்று போய்க்கொண்டே இருங்கள். கிழக்கு மேற்காக நகர்த்தும்போது கோடு நேராக ஏறி 20-இல் நிற்க வேண்டும். மூலைவாட்டில் நகர்த்தினால் 28-க்கு அருகில் நிற்கும், சதுரத்தின் மூலைவிட்டம் அவ்வளவு. வயல் அளவு 20 என்று தெரிந்த படத்திலேயே திசையைப் பொறுத்து ரேஞ்ச் 20-லிருந்து 28 வரை வருகிறது. எல்லாத் திசைகளையும் கலந்தால் இடையில் ஏதோ ஒன்று வரும்.

இப்போது அதே படத்தில் கொஞ்சம் தற்செயல் இரைச்சல் சேருங்கள். வளைவு முழுதாக மேலே ஏறும், ரேஞ்ச் மாறாது. பிறகு 11-க்கு 11 சராசரி வடிகட்டி போடுங்கள். வளைவு 30 பிக்சல்வரை போய்த்தான் நிற்கும். வயல் அதேதான், படத்தை மென்மையாக்கியதற்கே 10 பிக்சல் கூடிவிட்டது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஃபில்டர் போட்ட படத்தின் ரேஞ்சை நான் அப்படியே நம்பியதில்லை.

நிஜப் படத்தில் பழக வேண்டுமா? அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கார்டன் சிட்டியைச் சுற்றி வட்ட வட்டமாக வயல்கள் இருக்கும். நடுவில் அச்சு வைத்துச் சுழலும் நீர்ப்பாசனக் குழாய் வரையும் வட்டங்கள் அவை. பெரும்பாலானவற்றின் விட்டம் அரை மைல், சுமார் 800 மீட்டர். அளவு முன்பே தெரிந்திருப்பதால் உங்கள் நிரலைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒழுங்கான கட்ட அமைப்பு என்பதால் கிழக்கு மேற்கில் 800 மீட்டர் பக்கத்தில் வளைவு சற்றுத் தாழலாம். அது பிழை அல்ல, 8-ஆம் படியில் சொல்கிறேன்.

6. எவ்வளவு பெரிய பகுதி, எத்தனை பிக்சல், எவ்வளவு தூரம்வரை

1000-க்கு 1000 பிக்சல் என்றால் 10 லட்சம் பிக்சல். எல்லா ஜோடிகளையும் எடுத்தால் 50,000 கோடி. புள்ளி முறையில் இதைக் கணக்கிடச் சொன்னால் கணினி நின்றுவிடும். ஒன்று, மேலே சொன்னபடி படத்தையே நகர்த்திக் கழியுங்கள், சில நொடிகளில் முடியும். அல்லது தற்செயலாக 5000 பிக்சல்களைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ஜோடிகள் சுமார் 1.25 கோடிதான். ஆனால் தற்செயல் புள்ளிகளில் மிக அருகில் இருக்கும் ஜோடிகள் குறைவு, வளைவின் தொடக்கம் தள்ளாடும். நான் நகர்த்தும் முறையையே விரும்புகிறேன்.

எவ்வளவு தூரம்வரை போவது? பகுதியின் குறுகிய பக்கத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். ஜிஸ்டாட் தானாக எடுத்துக்கொள்வது மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதை 15 லேகாகப் பிரிக்கும். இங்கேதான் பொறி. 30 கிலோமீட்டருக்கு 30 கிலோமீட்டர் பகுதியைக் கொடுத்தால் மூலைவிட்டம் 42 கிலோமீட்டர், எல்லை 14 கிலோமீட்டர், ஒரு லேக் கிட்டத்தட்ட 940 மீட்டர். 300 மீட்டரில் நடப்பதெல்லாம் முதல் லேகுக்குள்ளேயே புதைந்து போகும். கட்ஆஃப் (அந்தத் தூர எல்லை), லேக் அகலம் இரண்டையும் நீங்களே கொடுங்கள். நான் முதல் லேகைப் பிக்சல் அளவிலேயே வைப்பேன்.

7. மாடல்: 100-ஆ, 300-ஆ?

ஸ்பெரிக்கல் மாடலில் சிக்கல் இல்லை. அது சொல்லும் ரேஞ்சில் வளைவு உண்மையாகவே சில்லைத் தொடும். எக்ஸ்பொனென்ஷியலும் காசியனும் சில்லை நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. அதனால் சில்லின் 95 சதவீதத்தை எட்டும் தூரத்தை நடைமுறை ரேஞ்ச் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜிஸ்டாட் காட்டும் எண்ணை எக்ஸ்பொனென்ஷியலுக்கு 3-ஆல், காசியனுக்குச் சுமார் 1.73-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும்.

இதில் எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி இல்லை. ஆர்க்ஜிஐஎஸ், எக்ஸ்பொனென்ஷியலுக்கு நடைமுறை ரேஞ்சையே நேரடியாகக் காட்டும். பைத்தானின் சைகிட்-ஜிஸ்டாட்டும் அப்படித்தான். ஒரே தரவு, ஒரே வளைவு, ஆனால் ஜிஸ்டாட்டில் 100, ஆர்க்ஜிஐஎஸ்ஸில் 300. வேறொருவரின் கட்டுரையில் உள்ள ரேஞ்சோடு உங்களுடையதை ஒப்பிடுமுன் அவர் எந்த மென்பொருளில் எந்த மாடல் போட்டார் என்று பாருங்கள். அது எழுதப்படவில்லை என்றால் ஒப்பிடாதீர்கள்.

குழப்பமாக இருந்தால் மாடலை விட்டுவிட்டு, கணக்கிட்ட புள்ளிகளை வரைந்து எந்தத் தூரத்தில் தட்டையாகிறது என்று கண்ணால் பாருங்கள். மாடல் சொல்வதும் கண் சொல்வதும் இரண்டு மடங்கு வேறுபட்டால் எங்கோ தவறு இருக்கிறது.

8. எண்ணுக்கு முன் வளைவின் வடிவத்தைப் பாருங்கள்

வளைவு நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ரேஞ்ச் என்று ஒன்று இல்லை. மென்பொருள் அப்போதும் ஏதோ ஒரு எண் கொடுக்கும். பெரும்பாலும் அது கட்ஆஃபுக்கு அருகிலோ அதற்கு மேலோ இருக்கும். பகுதி முழுக்க ஒரு சரிவு இருக்கிறது என்று அர்த்தம்: கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு, அல்லது மலையிலிருந்து சமவெளிக்கு. அந்தச் சரிவைக் கழித்துவிட்டு மீதத்துக்கு வேரியோகிராம் போடுங்கள்.

ஏறி இறங்கி மறுபடி ஏறினால் நிலத்தில் ஒழுங்கான இடைவெளி இருக்கிறது. தென்னந்தோப்பை ட்ரோனில் எடுத்த படம் நல்ல உதாரணம். 7.5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்ட தோப்பில், வரிசையின் திசையில் 7.5 மீட்டர் தள்ளினால் மரம் மரத்தின் மேலேயே வந்து விழும், வித்தியாசம் குறையும். வளைவில் அங்கே பள்ளம். இந்த இடத்தில் ஸ்பெரிக்கல் மாடலைத் திணித்து ரேஞ்ச் சொல்வதைவிட, பள்ளம் விழும் தூரத்தைச் சொல்வது பயனுள்ளது.

இரண்டு முறை மடங்கினால் இரண்டு அளவுகளில் ஏதோ நடக்கிறது. ஒரே மாடலைப் பொருத்தாமல் இரண்டைச் சேர்த்துப் பொருத்துங்கள்.

திசைக்குத் திசை மாறினால் முதலில் சென்சாரைச் சந்தேகியுங்கள். லேண்ட்சாட் 7 படங்களில் 2003 மே 31-க்குப் பிறகு கோடு கோடாக இடைவெளி இருக்கும். அதை நிரப்பிய படத்தில் வரும் திசை வேறுபாடு நிலத்துடையதாக இருக்க வேண்டியதில்லை. சென்சாரில் குறையில்லை என்று உறுதியான பிறகே ஆறு, வாய்க்கால், மணல்மேடு என்று காரணம் தேடுங்கள்.

9. பிக்சல் அளவைக் கணக்கில் எடுங்கள்

ஒரு பிக்சல் என்பது அந்தப் பரப்பின் சராசரி. சராசரி எடுத்தால் ரேஞ்ச் நீளும் என்பதை 5-ஆம் படியில் பார்த்தோம். தோராயமாக, உண்மை ரேஞ்சோடு பிக்சலின் பக்க அளவு சேர்ந்துகொள்ளும், சில் குறையும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு மா நிலம் சுமார் 33 சென்ட். சதுரமாக இருந்தால் பக்கம் 36 மீட்டர். 10 மீட்டர் பிக்சலில் அந்தப் பக்கம் நான்கு பிக்சல்கூட இல்லை. 30 மீட்டர் லேண்ட்சாட்டில் அதன் ரேஞ்ச் 66 மீட்டர் போலத் தெரியும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

நான் வைத்திருக்கும் விதி: ரேஞ்ச் மூன்று பிக்சலுக்குள் வந்தால் அதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். அப்போதுதான் நுண்ணிய படம் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். ரேஞ்ச் முப்பது பிக்சல் என்று வந்து, நக்கெட்டும் சிறியதாக இருந்தால், உங்கள் கேள்வி அந்த அளவில் நடப்பதைப் பற்றியது என்றால், காசு செலவழிக்கத் தேவையில்லை. மரங்களை எண்ணத்தான் வேண்டும் என்றால் 10 மீட்டர் படம் எந்தக் காலத்திலும் போதாது, 7.5 மீட்டர் இடைவெளி ஒரு பிக்சலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

10. பொருள் கொள்வது

சரி, டெல்டாவில் எனக்கு வந்த 300 மீட்டருக்கு வருவோம். 36 மீட்டர் வயல்கள் உள்ள இடத்தில் 300 எப்படி? வயலின் அளவு என்று எழுதியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும்.

படத்தின் மேல் 300 மீட்டர் விட்டத்தில் பத்துப் பதினைந்து வட்டங்களை அங்கங்கே வரைந்து பார்த்தேன். ஒவ்வொரு வட்டமும் எதை மூடுகிறது? சிலவற்றில் வீடுகளும் தென்னையுமாக ஒரு குடியிருப்புத் திட்டு. சிலவற்றில் அறுவடை முடிந்த வயல்களின் ஒரு தொகுதி, அதை ஒட்டி இன்னும் சம்பா நிற்கும் தொகுதி. ஒரே சமயத்தில் நட்டு ஒரே சமயத்தில் அறுத்த வயல்கள் படத்தில் ஒன்றாகிவிடுகின்றன, நடுவே இருக்கும் வரப்பு 10 மீட்டர் பிக்சலுக்குத் தெரியாது. அப்புறம் குடியிருப்பையும் தோப்பையும் முகமூடி போட்டு நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டேன். சில்லும் இறங்கியது, ரேஞ்சும் குறைந்தது. அந்த 300-இல் ஒரு பங்கு தோப்புகளுடையது என்று அப்போதுதான் உறுதியானது.

இதையே உங்களுக்கும் சொல்வேன். வட்டம் வரையுங்கள், ஒரு வகை நிலத்தை நீக்கிப் பாருங்கள், முடிந்தால் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். இன்னொரு விஷயம்: சிறியதும் பெரியதுமான திட்டுகள் கலந்திருந்தால் ரேஞ்ச் பெரியவற்றின் பக்கமே சாயும், அவைதான் அதிகப் பரப்பைப் பிடித்திருக்கின்றன. சராசரித் திட்டின் அளவு என்று எழுதிவிடாதீர்கள். மாதம் மாறினாலும் மாறும். நடவு நேரத்தில் தண்ணீர் நிறைந்து எல்லா வயலும் ஒன்றுபோல் இருக்கும் படமும், அறுவடை நேரத்துப் படமும் ஒரே ரேஞ்சைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

11. ரேஞ்சை வைத்து என்ன செய்யலாம்

நிலப்பயன்பாட்டு வகைப்படுத்தலில் பயிற்சிப் பிக்சல்களுக்கும் சோதனைப் பிக்சல்களுக்கும் நடுவே ரேஞ்சைவிட அதிக இடைவெளி விடுங்கள். ஒரே வயலில் பாதிப் பிக்சலைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்துவிட்டு 97 சதவீதத் துல்லியம் என்று எழுதினால், மாடல் ஏற்கெனவே பார்த்த வயலையே திரும்பப் பார்த்திருக்கிறது. ரேஞ்ச் 300 மீட்டர் என்றால் பகுதியை 300 மீட்டரைவிடப் பெரிய கட்டங்களாக்கி, கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். எல்லையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிக்சல்களை விட்டுவிடுங்கள். துல்லிய எண் இறங்கும். இறங்கிய எண்தான் பக்கத்து வட்டாரத்துக்குப் போனாலும் ஓரளவு நிற்கும்.

களத்தில் மண் மாதிரியோ இலை மாதிரியோ எடுக்கப் போகிறீர்கள், பிறகு வரைபடமாக இடைச்செருகப் போகிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழ். புள்ளிகள் ரேஞ்சில் பாதிக்குள் இருக்க வேண்டும். டெக்ஸ்சர் (பிக்சல் மதிப்புகள் ஏறி இறங்கும் அமைப்பு) கணக்கிடும் சன்னலின் அளவுக்கும் ரேஞ்ச் நல்ல தொடக்கப் புள்ளி.

12. ஆய்வேட்டில் எப்படி எழுதுவது

ரேஞ்ச் 300 மீட்டர் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் இப்போது எழுதுவது இப்படி: "பிப்ரவரி மாத ஒரே நாள் சென்டினல்-2 லெவல்-2ஏ படம், என்டிவிஐ, 1000 கழிக்கப்பட்டது, 10 மீட்டர் பிக்சல், யுடிஎம் 44 வடக்கு, 5 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம், மேகமும் நிழலும் நீக்கப்பட்டன, கட்ஆஃப் 2 கிலோமீட்டர், லேக் 10 மீட்டர், ஜிஸ்டாட்டில் எக்ஸ்பொனென்ஷியல் மாடல், ரேஞ்ச் அளவுரு 100 மீட்டர், நடைமுறை ரேஞ்ச் 300 மீட்டர்." இதோடு நக்கெட்டையும் சில்லையும் சேர்த்து, கணக்கிட்ட புள்ளிகளும் பொருத்திய வளைவும் ஒரே படத்தில் தெரியும்படி கொடுங்கள். நீளமாக இருக்கிறது, வார்த்தை வரம்பு இடிக்கிறது என்றால் ஓர் அட்டவணையாகப் பின்னிணைப்பில் போடலாம். கட்ஆஃபையும் மாடலையும் மட்டும் உடலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.